நின்றபின் வந்த வலி

பிரசவ நாள் தாண்டியும் வலி எடுக்காததால், லேவார்டன் ஆஸ்பத்திரியில் நீன்கேவுக்கு வலியைத் தூண்டும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். மூன்று பிள்ளைகளையும் வீட்டிலேயே பெற்ற நாத்தனார் யெல்லி, "உனக்கென்ன, மருந்தே பெத்துக் குடுத்துரும்" என்று போனில் குத்திக்காட்டியது அவள் மனத்தை அறுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த வலி இடுப்பைச் சுற்றி வளைத்தபோது மருத்துவச்சி ஹில்லாவிடம் எரிந்து விழுந்தாள்.

"அந்த மருந்தக் கொஞ்சம் குறைச்சுத் தொலைங்க. மூச்சு விட முடியல."

"அத நிறுத்தி ரொம்ப நேரமாச்சும்மா," என்றாள் ஹில்லா. "தொடங்கி வச்சதுதான் மருந்து. இப்ப வர்றதெல்லாம் உன்னோடது."

நீன்கே திரும்பிப் பார்த்தாள். குழாயில் ஒரு சொட்டுகூட விழவில்லை. அவள் வயிறோ, யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், மறுபடி மலையாகத் திரண்டு எழுந்தது. திட்ட வாயெடுத்தவள், அதன்மேல் மெல்லக் கைவைத்தாள்.