ஒரு மணி நேர அடுப்பு

என் நண்பன் லைலின் பழைய கேஸ் அடுப்பு கால் துருப்பிடித்து ஒடிந்ததில் அவனைவிட எனக்குத்தான் வருத்தம். எட்டு வருடமாக, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவன் கராஜ் வாசலில் நாங்கள் பியர் காய்ச்சுகிறோம். அண்டாவில் பியருக்கான முளைகட்டிய பார்லிச் சாறு கொதிக்கும்வரை யாரும் நகரக்கூடாது. அசந்தால் பொங்கித் தரையெல்லாம் பிசுபிசுக்கும். அந்தக் காவலுக்குத்தான் நான் போவேன். மடக்கு நாற்காலியில், அவன் முழங்கால் இடிக்கிற தூரத்தில், ஒரு மணி நேரம். விவாகரத்தான அறுபது வயதுக்காரிக்கு அது போதாதா? போதவில்லை.

புது அடுப்பு வாங்க மில்வாக்கிக்குக் கிளம்பியவன், "நீயும் வா வெர்னா, நீதான் பாத்து எடுக்கணும்," என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைக்காரர் ஒரு ராட்சத அடுப்பைப் பற்றவைத்தார். விமானம் கிளம்புகிற இரைச்சல்.

"அண்டா நெறைய வச்சாலும் இருபதே நிமிஷம். தளதளன்னு கொதிச்சிடும்!"

இருபது நிமிடமா! அப்போ என் ஒரு மணி நேரம் என்னாவது?

"அய்யய்ய, இந்தச் சத்தத்துல மனுஷன் பேசறதா வேண்டாமா? அந்தச் சின்னதக் காட்டுங்க."

"அதுல ஒரு மணி நேரம் ஆகுமேம்மா."

"ஆகட்டுமே. பதறாத காரியம் சிதறாது."

லைல் சிரித்தான். "நான்னா பெருசத்தான் எடுத்திருப்பேன்."

"அதான் உன் பியர் பாதி நாள் கழுநீர் மாதிரி இருக்கு."

"சரி தாயே, உன் இஷ்டம்."

சின்னதையே வாங்கினான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வண்டியில் ஏற்றும்போது சொன்னான்: "மே மாசம் டூசானுக்கே குடிபோறேன், நாட்டோட அந்தக் கோடிக்கு, பொண்ணு வீட்டோடயே இருக்க. அண்டா, அடுப்பு எல்லாம் உனக்குத்தான். பியர் காய்ச்சறதுல உனக்குத்தான் எவ்வளவு ஆசை! அதான் உன்னையே எடுக்கச் சொன்னேன்."

பியர் மேல் ஆசையாம். அடப்பாவி!

"எனக்கு பியர் வாசனையே ஆகாது, லைல்," என்றேன்.

அடுப்பை பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டிருந்த அவன் கை நின்றது. "அப்போ எட்டு வருஷமா எதுக்கு வந்த?"

"அதையும் நானே சொல்லணுமா?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் என்னையே பார்த்தான், முதல் தடவையாகப் பார்ப்பவன் மாதிரி.

"வீட்ட வித்துட்டேனே, வெர்னா."