புகை மெஷினுக்கு மூன்று விலை

“அண்ணி, கடை திறக்கப் போறேன். கொசு மருந்து, புகை மெஷின் எல்லாம்.”

“நல்லா இரு தம்பி. ஆனா நான் சுகாதாரத் துறைக்குச் சாமான் வாங்கறவ. இனிமே உன் வீட்டுப் பக்கமே வரமாட்டேன். நாளைக்கு எவனும் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசக் கூடாது பாரு.”

சொன்னபடியே இருந்தாள். கொழுந்தனுக்குக் குழந்தை பிறந்தபோதுகூடக் கணவனைத்தான் அனுப்பினாள். கணவன் திரும்பி வந்து, “பாப்பா சிரிச்சா கன்னம் குழியுது” என்றபோது, அடுப்பைத் துடைக்கிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டாள்.

இப்போது ஊரெல்லாம் கொசுக்காய்ச்சல். டெண்டர் விட்டு முடிப்பதற்குள் ஊரே படுத்துவிடும் என்று, சுகாதாரத் துறைக்கு மட்டும் டெண்டர் விதிகளிலிருந்து விலக்கு வந்தது. யாரிடம் வேண்டுமானாலும் நேராக வாங்கலாம். கயிற்றை அவிழ்த்த பிறகும் முளையையே சுற்றுகிற மாடுபோல ஆனது அலுவலகம்.

“மெஷின் ஒரே ஆள்கிட்டதான் இருக்கு சார். என் கொழுந்தன்.”

“கொழுந்தனோ கொள்ளுத்தாத்தாவோ, வாங்கலாம்மா,” என்றார் இயக்குநர். “ஆனா மூணு கொட்டேஷன் இல்லாம பேனா நகரமாட்டேங்குதே! அவரையே மூணு தடவை வரச் சொல்லுங்க.”

கொழுந்தன் வந்து விலை சொன்னான். வெளியே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, அதைவிடக் குறைத்துச் சொன்னான்.

“முன்னாடி வந்தவர் ரொம்பக் கறார்,” என்று இயக்குநர் அவனிடமே குறைபட்டுக்கொண்டார்.

“அவனா? பகல் கொள்ளைக்காரன் சார். பெத்த அப்பாவே அவனை நம்பமாட்டார்.”

இயக்குநர் அவள் பக்கம் குனிந்தார். “இவர் யோக்கியமாத் தெரியறார்.”

மூன்றாவதாகக் கொழுந்தனின் மனைவி வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. “அந்த ரெண்டு பேர் சொன்னதும் அநியாயம் அக்கா. நான் இன்னும் குறைச்சுத் தர்றேன்.”

வாசலில் நின்ற கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான். இயக்குநரின் பேனா பறந்தது. “பாத்தீங்களா? போட்டின்னா இது போட்டி!”

மெஷின்கள் வண்டியில் ஏறத் தொடங்கின. குழந்தை மேசைமேல் எக்கி, அண்ணியின் வளையலைப் பிடித்து இழுத்தது. அவள் கையை எடுக்கவில்லை.

“என்ன அண்ணி, பாக்கி கையெழுத்து ஏதாவது வேணுமா?” என்றான் கொழுந்தன்.

அவள் மற்றக் கையால் ஃபைலை மூடினாள்.

“கையெழுத்து கிடக்கட்டும் தம்பி. பாப்பாவை ஒரு தடவை எங்கிட்ட குடு.”