தபால் போன வழி

சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஆலையின் வரைபடம் ஒளியாய் விழுந்ததும், கடைசி பெஞ்சில் இருந்த லோடுமேன் கழுத்தை நீட்டிப் பார்த்தார். எடைமேடை, பேக்கிங், குளிர்கிடங்கு, வாயில் என்று நான்கு சிவப்புப் புள்ளிகள். முந்தாநாள் அவர் நடந்த வழி அப்படியே இருந்தது.

"இது புழுன்னு சொல்ற வைரஸ்," என்றார் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி. "ஒரு கம்ப்யூட்டர்ல விட்டாப் போதும், வயர் வழியா அதுவே ஊர்ந்து அடுத்ததுக்குப் போயிடும். ஆனா இந்த நாலுக்கும் நடுவுல வயரே கிடையாது. யாரோ கையில தூக்கிட்டுப் போயிருக்காங்க."

அந்த ஆலையில் ஒரு வழக்கம். அறுந்த செருப்பு வார் கிடந்தாலும், எடுத்தவர் பிரிவு பிரிவாகக் காட்டி உடையவரிடம் சேர்க்க வேண்டும். மற்றவர்கள் அலுத்துப்போய் விட்டதை இவர் இருபது வருஷமாகச் செய்கிறார். அதனால்தான் 'தபால்' என்று பேர். லாரி நிற்கும் இடத்தில் கிடந்த பென்டிரைவில் 'குடும்பப் படங்கள்' என்று ஒட்டியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்த பிறகு போட்டுவிட்டு வர மனசு கேட்கவில்லை. போன இடமெல்லாம் செருகிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. "அடுத்த வீட்டுக் கதவத் தட்டு, தபாலு," என்று சிரித்து அனுப்பினார்கள்.

"மொதல்ல ஏறினது எடைமேடைல. அந்தம்மாவுக்கு இன்னையோட கணக்கு முடிச்சு அனுப்பிடலாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க," என்றார் அதிகாரி.

எடைமேடைக்காரி முன்வரிசையில் இருந்தாள். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் புருஷனுக்கு அவள் ஒருத்தியின் சம்பளம்தான் கஞ்சி. லோடுமேன் பேரைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லோடுமேன் எழுந்து நின்றார்.

"சார், அந்தம்மா மேல தப்பில்ல. நான்தான் எடம் எடமா கொண்டுபோனேன்."

"தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கிச்சு பாரு," என்று பக்கத்தில் யாரோ முனகினார்கள்.

"உன்ன யாருண்ணே கேட்டா?" என்று அவள் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

அதிகாரி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எங்கெங்க போனீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

விரல்விட்டுச் சொன்னார். நான்கு.

"பாய்லர் ரூம்? அங்க நீராவி அழுத்தத்தக் கட்டுப்படுத்துறதே கம்ப்யூட்டர்தான்."

"பூட்டியிருந்துச்சு சார். அந்தப் பக்கமே போகல."

அதிகாரி பேனாவை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். பாய்லர் அறையின் மேல் புதிதாய் ஐந்தாவது புள்ளி விட்டு விட்டு எரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதனருகில் இன்னொன்று.

மேசைமேல் வரிசையாக வைத்திருந்த டம்ளர்களில் தண்ணீர் மெல்ல நடுங்கத் தொடங்கியது.