மேஸ்திரி வீட்டுக்கு வந்த வெள்ளைக் கோடு

மேற்குப் புறவழிச்சாலையின் எட்டாவது கிலோமீட்டர் வளைவில் ஒட்டியிருந்த வெள்ளைக் கோடு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சாலையை விட்டு எழுந்து, நான்கு கிலோமீட்டர் நடந்து, தன்னை ஒட்டிய மேஸ்திரியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பெட்ரோல் பங்க் பக்கமாக வந்து டயர் கடையருகே திரும்பியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சிக்னலில் சிவப்பு விழுந்திருந்ததால் பச்சை வரும்வரை அது ஒழுங்காக நின்றது என்று பங்க்கில் வேலை பார்ப்பவர் இன்றைக்கும் சொல்வார். பிறகு மருந்துக் கடைச் சந்துக்குள் நுழைந்து, மேஸ்திரி வீட்டின் மூன்று படிகளையும் ஏறி, கூடத்து நாற்காலிகளுக்கு நடுவே போய், சமையலறை வாசலை உரசிக்கொண்டு படுக்கையறைக்குள் திரும்பி, கட்டிலில் மேஸ்திரி படுக்கும் பக்கத்துக்குக் கீழே நின்றது. வளைவில் இருந்தது எண்பது மீட்டர் நாடாதான். அது நான்கு கிலோமீட்டருக்கு எப்படிப் போதும் என்று பின்னால் ஒரு பொறியாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். போதுமானதாகத்தான் இருந்தது.

மேஸ்திரி இருபத்திரண்டு வருஷமாகச் சாலையில் கோடு போடுகிறவர். முதலில் பெயிண்ட், அப்புறம் உருக்கி ஊற்றும் கலவை, கடைசியில் நாடா. நாடா என்றால் சாதாரண நாடா இல்லை. அதன் முகத்தில் மாவைப் போலப் பொடிப்பொடியான கண்ணாடி மணிகள் பதிந்திருக்கும். வண்டியின் விளக்கு வெளிச்சம் பட்டால் அந்த மணிகள் அதை அப்படியே ஓட்டுநரின் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். சரியாக ஒட்டினால் ஆறு வருஷத்துக்கு அசையாது. அவர் போட்ட கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்பதால் தொழிலில் அவருக்கு நூல் மேஸ்திரி என்றே பெயர். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே பெருமை இருந்தது. விசேஷ வீடுகளுக்குப் போனால்கூட, வரிசையாகப் போட்ட நாற்காலிகளை ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

நாடா ஒட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. ஒரு பாலித்தீன் தாளைச் சாலையில் விரித்து, நாலு ஓரத்தையும் ஒட்டிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். தாளுக்கு அடியில் நீர் துளிர்த்தால் சாலை உள்ளுக்குள் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கு ஒட்டக்கூடாது. புறவழிச்சாலைத் திறப்புக்கு முந்தின நாள், எல்லாம் முடிந்து அந்த வளைவு மட்டும் மிச்சமிருந்தது. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி தாளைப் பிரித்துப் பார்த்தபோது அடியில் துளித்துளியாகத் தண்ணீர் நின்றது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தாளைத் துடைத்தார். பிறகு ஆட்களைப் பார்த்து, "காஞ்சிருக்கு, ஒட்டுங்கடா" என்றார். நாடாவுக்கு அடியில் ஒட்டுக்காகப் பூசும் பிரைமர் உலர நேரமாகும் என்று அதையும் விட்டுவிட்டார்கள். குறித்த நேரத்தில் முடித்துக் கொடுத்தார் என்று மறுநாள் மேடையில் அவருக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் அன்று சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஐம்பத்து மூன்றாம் நாள் விடியற்காலையில் பெருமழை பிடித்தது. மேஸ்திரியின் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, ரொட்டி வேன் ஓட்டுகிறவன். ஒன்பது வருஷத்தில் ஒரு கீறல் விழாத வேன். அந்த மழையில் கண்ணுக்குத் தெரிந்தது வெள்ளைக் கோடு மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டே போனான், கோடு அவனைப் பள்ளத்தில் கொண்டுபோய் விட்டது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. முந்நூறு ரொட்டி தண்ணீரில் ஊறி மிதந்தன. செய்தி கேட்டு மனைவி அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மேஸ்திரி பின்னாலேயே வருவதாகச் சொல்லிவிட்டு வளைவுக்குப் போனார். மழை விட்டிருந்தது. கோடு கழன்று, பள்ளத்தின் பக்கமாக வளைந்து கிடந்தது. அவர் அந்த இடத்தைப் பெருக்கி, கேஸ் குழலால் சூடு காட்டி உலர்த்தி, பிரைமர் பூசி, புறங்கையால் தொட்டுப் பதம் பார்த்து, புது நாடா ஒட்டி மூன்று முறை உருளை ஓட்டினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒட்டியதிலேயே ஆகச் சிறந்த கோடு அதுதான். முடிக்க ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று. அதற்குள் மச்சினன் நாலு தடவை, "மாமா வந்துட்டாரா?" என்று கேட்டிருந்தான்.

மத்தியானம் அதிகாரிகள் வந்து பார்த்தபோது கோடு நூல் பிடித்த மாதிரி இருந்தது. விசாரணையில் மச்சினன் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான்: "கோட்டைப் பார்த்துத்தான் சார் ஓட்டினேன், கோடுதான் பள்ளத்துக்குப் போச்சு." அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் வாய் கூசாமல், "என் கோடு அசையாதுங்க" என்றார். மச்சினனின் லைசென்சை நிறுத்தி வைத்தார்கள், வேலையும் போயிற்று. தூங்குமூஞ்சி டிரைவர் என்று பெயர் மட்டும் கிடைத்தது. தூங்கிவிட்டு மாமா தொழில் மேல் பழி போடுகிறானே என்று அக்காவுக்கு ஆத்திரம். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று நாலு பேர் கேட்கத் தம்பியைத் திட்டித் தீர்த்தாள். அதற்குப் பிறகு அவனிடம் அவள் பேசவில்லை. மேஸ்திரி பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், பெரிய மனுஷன், அடக்கமாக இருக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

இது நடந்து ஏழாவது மாதம்தான் கோடு வீட்டுக்கு வந்தது. மேஸ்திரி சுரண்டியைக் கொண்டு நெம்பிப் பார்த்தார். பெயிண்டைக் கரைக்கும் தின்னரை ஊற்றினார், சூடு காட்டினார். தரை ஓடு பெயர்ந்து வந்ததே தவிர நாடா அசைந்து கொடுக்கவில்லை. நல்ல ஒட்டு என்றால் என்ன என்று தன் வீட்டுக் கூடத்தில் மண்டியிட்டுத் தெரிந்துகொண்டார். மனைவி இரண்டு நாள் கோட்டைத் தாண்டித் தாண்டி நடந்தாள், மூன்றாம் நாளிலிருந்து அதன் மேலேயே துடைப்பம் போட்டுக் கூட்டினாள். சந்துக் குழந்தைகள் அதில் வரிசையாக நடந்து பழகினார்கள்.

தொல்லை வண்டிகளால் வந்தது. மழையிலும் மங்கலிலும் ஓட்டுகிறவர்களுக்குக் கோடுதான் கண். வளைவில் நெடுஞ்சாலைத் துறை புதிதாக ஒரு கோடு போட்டது உண்மைதான், ஆனால் பழைய கோடு அதைவிடப் பளிச்சென்று இருந்ததால் எல்லாரும் இதையே பிடித்துக்கொண்டு வந்தார்கள். முதலில் ஒரு சிமெண்ட் லாரி வந்து படியில் முட்டுகிற மாதிரி நின்றது. ஓட்டுநர் இறங்கி, "என்னண்ணே, ரோடு உங்க வீட்டுக்குள்ள போகுது?" என்று கேட்டார். மேஸ்திரி, "கம்பெனி சாம்பிள், பார்வைக்கு ஒட்டியிருக்கு" என்றார். அடுத்து ஒரு கல்லூரிப் பேருந்து, அதற்கு மாற்றுப்பாதை என்று சொன்னார். சவ ஊர்தி ஒன்று வந்தபோது சந்தில் எல்லாரும் எட்டிப் பார்க்க, யார் வீட்டிலும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி அனுப்புவதற்குள் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

தொழில் புத்தி போகாமல் அவர் தினமும் மீட்டர்பெட்டியைக் கோட்டின் மேல் வைத்து, எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்த்தார். வந்த அன்று முந்நூறு. லாரிக்காரருக்குச் சொன்ன பொய்க்குப் பிறகு முந்நூற்று நாற்பது. பேருந்துக்குப் பிறகு நானூற்றுப் பத்து. ஒவ்வொரு பொய்க்கும் கோடு பிரகாசமானது, பிரகாசமாக ஆக இன்னும் நிறைய வண்டிகள் வந்தன, வண்டிகள் வர வர இன்னும் பொய் சொல்ல வேண்டியிருந்தது. ஆயிரத்தைத் தாண்டியதும் மீட்டர் கைவிரித்துவிட்டது. மனைவி ஃபிரிட்ஜைத் திறக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்ளப் பழகினாள், உள்ளே எரியும் சின்ன விளக்குக்கே வீடு பட்டப்பகலாகிவிடும். துறையிலிருந்து வந்த பொறியாளர் அகலம், தடிமன், ஒட்டு எல்லாம் விதிப்படி இருப்பதாகவும், கோட்டில் குறை இல்லை என்றும், வீடுதான் சாலையை ஆக்கிரமித்திருக்கிறது என்றும் எழுதிவிட்டுப் போனார். மேஸ்திரி அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழையில் ஒரு ரொட்டி வேன் வந்து நின்றது. ஓட்டியவன் புதியவன். பக்கத்து இருக்கையிலிருந்து ஊன்றுகோலோடு இறங்கியவன் மச்சினன். அதே ரொட்டிக் கடையில் தட்டு இறக்கி ஏற்றும் ஆளாக அவனைத் திரும்பச் சேர்த்திருந்தார்கள் என்பது அக்காவுக்குத் தெரியாது. ஹாரன் சத்தம் கேட்டு மேஸ்திரிக்குப் பின்னால் வாசலுக்கு வந்தவள் அவன் காலைத்தான் முதலில் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் வாசலும் சுவரும் மூன்று பேரின் முகமும் வெள்ளையாக இருந்தன, ஒளிந்துகொள்ள ஒரு ஓரம் இல்லை. புது ஓட்டுநர் ஜன்னலை இறக்கி எல்லாரும் கேட்பதையே கேட்டான்.

"ஏங்க, கோடு ஏன் இங்க வருது?"

மச்சினன் நனைந்துகொண்டே குனிந்து நாடாவின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான், அவ்வளவுதான். மேஸ்திரி பொய் சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. நேரே அவனுடைய விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஈரத்துல ஒட்டினேன். தாளுக்கு அடியில தண்ணி நின்னுச்சு. துண்டால தொடைச்சிட்டு, காஞ்சிருக்குன்னு சொன்னேன். மழையில அது கழண்டு பள்ளத்துப் பக்கம் போயிடுச்சு. இவன் கோட்டைப் பார்த்துத்தான் ஓட்டினான். இவன் தூங்கல."

மனைவி கதவைப் பிடித்துக்கொண்டாள். "நேர்ல போய்ப் பார்த்தேன், கோடு அப்படியே இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இருந்துச்சு. நான் ஒட்டினேன். ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடி."

அவள், "என் வாயாலேயே என் தம்பியைத் திட்ட வச்சிட்டீங்களே" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, சத்தம் போட்டிருந்தால் மேஸ்திரி தாங்கியிருப்பார். பிறகு தம்பியிடம், "உள்ள வாடா, தலை துவட்டிக்கோ" என்றாள். அவன், "நேரமாச்சுக்கா, ரொட்டி ஆறிடும்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டான். மறுநாளிலிருந்து அவள் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

மேஸ்திரி துறை அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாசித்தவர் வாசித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்க்காமலே முத்திரை குத்தினார். அது அவருக்கு வசவைவிட மோசமாக இருந்தது. மச்சினனுக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது, வேனும் கிடைத்தது. மேஸ்திரிக்கு மேஸ்திரி வேலை போய், சாலை ஓரத்தில் தடுப்புக் கூம்பு வைத்து எடுக்கிற வேலை கிடைத்தது. நூல் என்று யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் திரும்பியிருக்கவும் மாட்டார். வீட்டில் கோட்டின் பிரகாசம் முந்நூறுக்கு இறங்கிற்று, புது நாடாவுக்கு இருக்க வேண்டியது அவ்வளவுதான். ஆனால் கோடு போகவில்லை. வண்டிகளும் நிற்கவில்லை. இந்தப் பக்கம் லாரி ஓட்டுகிறவர்கள் மழைக்காலத்தில் மேஸ்திரி வீட்டுக்கென்று ஏழு நிமிஷம் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். கேட்கிற ஒவ்வொருவருக்கும் அவர் குடையைப் பிடித்தபடி, நடந்தது எல்லாவற்றையும் சொல்வார். சிலர் சீ என்பார்கள், சிலர் தேநீர் கிடைக்குமா என்பார்கள்.

மச்சினனும் வருவான். அவனுக்கு வழி தெரியாமல் இல்லை, பட்டப்பகலில்கூட கோட்டைப் பிடித்துக்கொண்டு அதிகாலைச் சுற்று முடிந்ததும் வந்து நிற்பான். அக்கா வந்து ஜன்னல் வழியாக அவன் தோளைத் தொட்டுவிட்டு ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். அதன் பிறகு அவன் முன்பின் தெரியாத ஓட்டுநர் மாதிரி, "கோடு ஏன் இங்க வருதுங்க?" என்று கேட்பான். குரலில் கோபம் இருக்காது. மேஸ்திரி தாளிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்வார். போன வருஷம் ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல். நிற்க முடியாமல், ஈரத்தில் ஒட்டியதையும் துண்டால் துடைத்ததையும் கோடு கழன்றதையும் சொல்லிவிட்டுப் போதும் என்று நிறுத்தினார். மச்சினன் வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடி வளைவுக்குப் போனேன்" என்றார் மேஸ்திரி.

அவன் சாவியைத் திருப்பினான். சந்து குறுகல், பின்னால் மின்கம்பம் வேறு. மேஸ்திரி காய்ச்சலோடு வேனுக்குப் பின்னால் போய் நின்று, வரலாம், வரலாம் என்று கையை அசைத்தார். மச்சினன் கண்ணாடியில் அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் வந்தான்.