நஸீமின் மொரிஸ் மைனருக்கு ஒரு காபரேட்டர்

பாரிசவாதம் வந்த பிறகு நஸீமுக்கு ஒரேயொரு சொல்தான் மிஞ்சியிருந்தது. ஓம். ஆமாம் என்பதற்கு அவர்கள் ஊரில் சொல்வது. வலக்கையும் வலக்காலும் அசைய மறுத்தன. என்ன சொல்ல வாயெடுத்தாலும் வெளியே வந்தது அந்த ஒரு சொல்தான்.

அதை வைத்துக்கொண்டே அவர் மனைவி நிப்லா காலம் தள்ளினாள். "தேத்தண்ணி குடிப்பமா?" என்று கேட்பாள். "ஓம்" என்பார். "கொஞ்சம் சாய்ஞ்சிருப்பமா?" "ஓம்." கட்டாரில் இருக்கும் மகள் றஸ்னா போனில் அழும்போதெல்லாம், "வாப்பாக்கு எல்லாம் விளங்குது மகள். நான் கேக்கிறதுக்கெல்லாம் மறுமொழி சொல்றாரு" என்று தேற்றுவாள். அப்படிச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

ஒன்றை மட்டும் அவளால் சமாளிக்க முடியவில்லை. சாய்ந்தமருதில் அவர்கள் வீட்டு முற்றத்துத் தகரக் கொட்டிலில் சாம்பல் நிற மொரிஸ் மைனர் கார் ஒன்று நின்றது. கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோ வந்து நின்றால், நஸீம் வாசல் நிலையை இடக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டு காரின் பக்கமே உடம்பைத் திருப்புவார். அந்தக் கையைப் பிரித்து ஓட்டோவில் ஏற்றுவதற்குள் நிப்லாவுக்கு மூச்சு வாங்கிவிடும்.

கார் ஓடாது. காபரேட்டர் இல்லை. எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் அந்தச் சாமானில் விரிசல் விழுந்துவிட்டதென்று நஸீமே கழற்றி வைத்திருந்தார். கழற்றிய அன்றுதான், கிணற்றடிக்குக் கை கழுவப் போனவர் விழுந்தார். அன்று காலையில், அதற்குப் பதிலாக எதைப் போடுவது, ஏன் அதைப் போடுவது என்று அவளிடம் விரிவாகச் சொன்னார். அவள் தேங்காய் துருவிக்கொண்டே "ம், ம்" என்று கேட்டாள். ஒரு சொல்லும் மனதில் நிற்கவில்லை.

"அவருக்கு விருப்பமான வேலையில சேர்த்து விடுங்க அம்மா" என்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சுஜித்தா சொன்னபோது நிப்லாவுக்குக் காரின் நினைவுதான் வந்தது. பெரிய தெருவில் கராஜ் வைத்திருக்கும் பஹ்மியைக் கூப்பிட்டாள். அவன் பல வருடமாக அந்தக் காரை அறிந்தவன். நஸீமை அண்ணன் முறையில் நானா என்றும், அவளை அக்கா முறையில் ராத்தா என்றும் கூப்பிடுவான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பாட்டுக்குப் பிறகு பஹ்மி ஒரு காட்போட் பெட்டியோடு வந்தான். அதற்குள் இரண்டு காபரேட்டர்கள் இருந்தன.

"இது இந்தக் காருக்கெண்டே செஞ்சது ராத்தா. கொழும்பில உடைச்ச கார் ஒண்டில கழட்டினது. புதுசு இல்ல, உள்ளுக்குத் தேய்ஞ்சிருக்கு. சும்மா நிக்கக்குள்ள அணையும், வெயிலுக்குக் கரைச்சல் குடுக்கும்." தலையில் சின்னக் குடம் கவிழ்த்தாற்போல இருந்த ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். மற்றது பெட்டி போல அகலமாக, சுற்றிலும் குழாய்களோடு இருந்தது. "இது ஜப்பான் காருடையது. கையை வெச்சா ஸ்டார்ட். பெற்றோலும் குறைவா இழுக்கும். நான் எண்டா இதத்தான் போடுவன்."

"அப்ப அதப் போடுங்களன் தம்பி."

பஹ்மி தலையைச் சொறிந்தான். "நானாட கார் ராத்தா. ஒருக்கா நானும் அவரும் இதுக்குச் சண்டையே புடிச்சிருக்கம். அவருக்கிட்ட கேக்காமப் போட எனக்கு மனசில்ல. அதோட, கடைக்காரன் பாக்கத்தான் ரெண்டையும் தந்தவன். ஒண்ட இண்டைக்கே திருப்பிக் குடுக்கோணும்."

நிப்லா றஸ்னாவுக்குப் போன் எடுத்தாள். "எனக்கு என்ன தெரியும் உம்மா?" என்றாள் மகள். "வாப்பாட்டயே கேளுங்க. அவருதான் மறுமொழி சொல்றாரே."

நஸீமைக் கதிரையோடு மேசைக்குக் கிட்டக் கொண்டுவந்தார்கள். காபரேட்டர்களைக் கண்டதும் அவர் முகம் மாறிப்போனது. கோணிய வாயை மூட முயன்றார், முன்னுக்குச் சாய்ந்தார். இத்தனை நாளில் அவர் ஒரு பொருளை இப்படிப் பார்த்து அவள் காணவில்லை.

"இஞ்சாருங்க, இதப் போடுவமா?" பழைய காருடையதைத் தொட்டுக் காட்டினாள்.

"ஓம்."

"பாத்தீங்களா!" என்றான் பஹ்மி. ஆனாலும் முறைக்காக மற்றதையும் தொட்டான். "நானா, இதப் போடுவமா?"

"ஓம்."

பிறகு பஹ்மி, "விருப்பமானத எடுங்க நானா" என்றான். நஸீமின் இடக்கை மெல்ல நகர்ந்து பழையதை எடுத்தது. மடியில் வைத்து, அதன் வாய்க்குள் விரலை விட்டு உள்ளே இருந்த பிஸ்டனை மேலே தள்ளி விட்டார். அது 'டக்' என்று விழுந்தது. மறுபடியும் தள்ளினார். பஹ்மியின் கண் நிறைந்துவிட்டது. "அதேதான் ராத்தா. அப்பிடித்தான் அத சோதிக்கிற. நானா மறக்கல்ல!"

நிப்லாவுக்கும் அழுகை வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்தபோதுதான் அவளுக்கு ஒன்று பட்டது. எடுத்தது அவருடைய இடப்பக்கம் இருந்த சாமான். கோப்பை என்றாலும் கரண்டி என்றாலும் இடப்பக்கம் இருப்பதைத்தான் அவர் எடுப்பார். வலப்பக்கத்தை அவர் பார்ப்பதேயில்லை.

அவள் இரண்டையும் மேசையில் இடம் மாற்றி வைத்தாள்.

"ஏன் ராத்தா?" என்றான் பஹ்மி.

"எடுங்க பாப்பம்" என்றாள் அவரிடம். இடக்கை நகர்ந்து ஜப்பான் சாமானை எடுத்தது. அதையும் மடியில் வைத்து, அதே கவனத்தோடு அதன் நெம்புகோலை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"இது வேணாமா?" என்று கேட்டாள்.

"ஓம்."

"இது வேணுமா?"

"ஓம்."

நிப்லா அவர் முன்னால் குந்தி முகத்தைப் பார்த்தாள். கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. "தேத்தண்ணி வேணுமா உங்களுக்கு?"

"ஓம்."

"தேத்தண்ணி வேணாமா?"

"ஓம்," என்றார் நஸீம், அதே தெளிவோடு, அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு.

அவள் எழும்பிக் குசினிக்குப் போனாள். அடுப்பு எரியவில்லை. கேத்தலைத் தூக்கினாள், திரும்ப வைத்தாள். அவர் விழுந்த நாளிலிருந்து அவருக்குத் தேவையென்று எதையெல்லாம் செய்தாளோ, அத்தனைக்கும் அவரிடம் கேட்டுத்தான் செய்தாள். மூத்தம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு அவரைக் கூட்டிப்போய் ஆட்கள் நடுவில் உட்கார வைத்ததும் கேட்டுத்தான். தாடியை மழித்ததும் கேட்டுத்தான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கேட்டாள். எதிர்மாறாக ஒருநாளும் கேட்டுப் பார்க்கவில்லை. அந்த மனுஷன் உள்ளே வேண்டாம் வேண்டாம் என்று கத்தியிருந்தாலும் அவளுக்குக் கேட்டது ஓம்தான்.

பஹ்மி குசினி வாசலில் வந்து நின்றான். "ராத்தா, கடைக்காரனுக்குச் சொல்லிப்போட்டு நான் இன்னொரு நாளைக்கு வாறன்."

"இல்ல தம்பி. ஒண்டக் கேக்கிறன். ஜப்பான் சாமானப் போட்டா, பொறகு கழட்டிப்போட்டுப் பழையதப் போட ஏலுமா?"

"கஷ்டம் ராத்தா. அடியில துளையப் பெருசாக்கோணும், குழாயையும் வெட்டோணும். பொறகு பழையது அதில ஒழுங்கா உக்காராது."

"பழையதப் போட்டா?"

"அத எப்பவும் கழட்டலாம்."

"அப்ப பழையதப் போடுங்க. அவருக்கு எப்பயாவது பேச்சு வந்து, ஏன் இதப் போட்டீங்க எண்டு கேட்டா, மாத்திக் குடுக்கலாந்தானே."

"வழியில நிக்கும் ராத்தா."

"நிண்டா நிக்கட்டும்."

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் காரிலேயே போனார்கள். பஹ்மி ஓட்டினான். நஸீமை முன் ஆசனத்தில் இருத்தினார்கள். கொட்டிலை விட்டுக் கார் வெளியே வந்தபோது அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆனால் அந்தக் கண்ணில் பாரிசவாதம் வந்ததிலிருந்தே நீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. பின் ஆசனத்தில் இருந்த நிப்லா கைலேஞ்சியை நீட்டித் துடைத்துவிட்டாள்.

சந்தைச் சனத்துக்குள் கார் மெதுவாகப் போய், நின்று, அணைந்தது. பஹ்மி இறங்கி பொனட்டைத் திறந்தான். பின்னால் வந்த பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தது. அப்போது நஸீம் இடக்கையால் காரின் டாஷ்போட்டை அடிக்கத் தொடங்கினார். "ஓம்! ஓம்! ஓம்!" கழுத்து நரம்பு புடைத்தது.

மீன் கூடையோடு சைக்கிளில் நின்ற ஒருவர் குனிந்து எட்டிப் பார்த்தார். "நானா என்ன சொல்றாரு?"

"எனக்குத் தெரியா" என்றாள் நிப்லா. அந்த வார்த்தையை அவரைப் பற்றி அன்றுதான் முதல்முறை சொன்னாள். கோபமா, சந்தோசமா, பஹ்மிக்கு ஏதும் வழி சொல்கிறாரா, இறங்க வேண்டுமென்கிறாரா? அவள் முன்னுக்குச் சாய்ந்து அவர் தோளைப் பிடித்தாள். அடித்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. பிடிப்பதா விடுவதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் பஹ்மி அந்தக் குடம்போன்ற மூடியைக் கழற்றி, உள்ளே இறுகி நின்ற பிஸ்டனைத் துடைத்துப் போட்டான். கார் இருமிக்கொண்டு மறுபடி எழும்பியது. கையும் ஓய்ந்தது.

ஆஸ்பத்திரியில் சுஜித்தாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். "சிலருக்கு அப்பிடி ஒரு சொல் மட்டும் நிண்டுரும் அம்மா. படம் காட்டிப் பழக்குவம். கொஞ்சமாவது வரப் பாப்பம்."

"உள்ளுக்கு அவருக்கு விளங்குதா மிஸ்?"

"எவ்வளவு விளங்குது எண்டு இப்ப சொல்ல ஏலாது."

"எப்ப தெரியும்?"

சுஜித்தா படக் கட்டை எடுத்து மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினாள்.

திரும்பி வரும்போது வெயில் தணிந்திருக்கவில்லை. கார் அணையாமல் ஓடியது, ஆனால் உள்ளே பெற்றோல் மணத்தது. காற்றுக்காக முன் கதவுக் கண்ணாடியை இறக்கச் சொல்லுவமா என்று நினைத்தாள். அவருக்குக் காற்று ஒத்துக்கொள்கிறதோ இல்லையோ. அவரிடம் கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை.

"தம்பி, நானாட பக்கம் கண்ணாடிய இறக்குங்க," என்றாள் பஹ்மியிடம். "முழுசா வேணாம். பாதி."