இரண்டு குழிகள்

செல்வராணி அப்பாவின் கால்களுக்கு வெள்ளை சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்த அவள் கணவன் செம்மல் திரும்பி வந்து வாசலிலேயே நின்றான்.

"ராணி, ரெண்டு குழி வெட்டியிருக்காங்க."

"ரெண்டா? செத்தது ஒரு ஆளுதானே?"

"மேலத்தெருக்காரங்க வடக்க ஒண்ணு. கீழத்தெருக்காரங்க தெக்க ஒண்ணு."

பாழாய்ப்போன சபை! கமிட்டித் தேர்தலில் முட்டிக்கொண்டு, ஒரே ஆலயக் கதவுக்கு ஆளுக்கொரு பூட்டுப் போட்ட ஜனம். அவர்களைச் சேர்த்துவைக்கத்தான் அவள் அப்பா, உபதேசியார் அருமைநாயகம், ஏழு வருஷம் நாயாய் அலைந்தார். மேலத்தெருவில் ஒரு காபி குடித்தால் கீழத்தெருவிலும் ஒன்று குடித்தாக வேண்டும். மனிதர் சர்க்கரை வியாதிக்காரர் வேறு. ஆஸ்பத்திரியில் கடைசியாக அவளிடம் கேட்டதும் அதைத்தான்: "என்னையப் பொதைக்கிற அன்னைக்காச்சும் ரெண்டு தெருவும் ஒரே குழியில மண்ணு போடணும்மா."

பெட்டி தோட்டத்துக்கு வந்தபோது மணி நாலு. அங்கே செம்புறாங்கல் பூமி, கடப்பாரை பட்டால் தீப்பொறி பறக்கும். அதில் இரண்டு தெருவும் ஆறடி இறங்கியிருந்தது. எல்லார் கையிலும் கொப்புளம். பாசம் இல்லாதவன் அப்படி வெட்ட மாட்டான், அதுதான் கொடுமை.

"எங்காத்தா சாகக் கெடந்தப்ப விடிய விடிய ஜெபம் பண்ணுனது ஐயாதான். இங்கிட்டுத்தான் வைக்கணும்" என்றார் மேலத்தெருப் பிச்சை.

"எம்மகளக் கரையேத்தி விட்டதும் ஐயாதான். அங்கிட்டு வச்சா நாங்க மண்ணு போட மாட்டோம்" என்றார் கீழத்தெரு ஆனந்தராஜ்.

செல்வராணி பெட்டியைப் பாதையிலேயே இறக்கச் சொன்னாள்.

"அவுங்கவுங்க குழிய மூடுங்க. நடுவுல எல்லாருஞ் சேந்து ஒண்ணு வெட்டுங்க. நான் காத்திருக்கேன்."

ஒருத்தரும் அசையவில்லை. ஐந்து மணியானது, ஐந்தரையானது. பெட்டியிலிருந்து வாடை கிளம்பியது. செம்மல் அவள் தோளைத் தொட்டான். பெற்ற அப்பாவை நாற விடுவதா? பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது பிச்சையின் குழி. அவள் அதைக் கைகாட்டினாள்.

கீழத்தெரு முழுக்கத் திரும்பி நின்றுகொண்டது. ஒரு பிடி மண் போடவில்லை. "அப்பா, என்னால முடியலப்பா" என்று அவள் குழியைப் பார்த்துக் கதறினாள்.

மறுநாள் காலையில் மாலை வாங்கிக்கொண்டு போனாள்.

தெற்கேயும் ஒரு கல்லறை மேடு இருந்தது. வெறுங்குழியை மூடி, மேடு கட்டி, தண்ணீர் தெளித்து, பூப் போட்டு, சிலுவையும் நட்டிருந்தார்கள். அதிலும் அப்பாவின் பெயர்தான், அதே தேதிகள்தான். ஆனந்தராஜ் குனிந்து மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாம்மா" என்றார்.

வடக்கு மேட்டிலிருந்து பிச்சையும், "வாம்மா" என்றார்.

அவள் கையில் ஒரு மாலைதான் இருந்தது.