இஞ்சாருங்கோ நின்ற இடம்

“எங்க நிக்குது மச்சாள்?” என்று எடித் கேட்டாள். நான் ஃபோனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

அவள் சிலுவைக் குருசை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, ஆட்டி ஆட்டி மணலிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். போன திங்கட்கிழமைதான் என் புருஷன் றொட்னியைக் கொண்டு முழங்கை ஆழத்துக்குக் கிண்டி நட்டது. அதற்கு முந்தின கிழமை நட்டது வலை காயப்போடுகிற இடத்துக்குப் பக்கத்தில். குருசு என்றால் நட்ட இடத்தில் நிற்க வேண்டும், ஊர் உலகத்தில் அதுதான் வழமை. எங்கள் குருசு மட்டும் வாடகை வீட்டுக்காரர் மாதிரி இடம் மாறிக்கொண்டே இருந்தது.

கருவாடு காயப்போடுகிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாவம், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஒருத்தி வெறும் காற்றைப் பார்த்து ஃபோனைத் தூக்கிப் பிடிக்கிறாள், மற்றவள் மரக்குருசோடு மல்லுக்கட்டுகிறாள் என்றால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? ஃபோனுக்குள் பார்த்தால்தான் அது தெரியும். பேசாலைக் கரை மணலில், ஆளைவிட உயரமாக, வெள்ளைக் கரை வைத்த நீல எழுத்தில் ஒரு சொல் நிற்கும். சுற்றி நடந்தால் அதன் முதுகையும் பார்க்கலாம். அந்தச் சொல்லின் அடியில்தான் எடித் திங்கட்கிழமைகளில் மெழுகுதிரி கொளுத்துவாள். அது நகர்ந்தால் குருசும் நகரும். இதையெல்லாம் செய்துவைத்த பிள்ளை ஸஹ்றா அன்றைக்கு எங்களோடுதான் நின்றாள். அன்று பொழுதுபடும்போது அந்தச் சொல்லை அழிக்க வேண்டும் என்பதற்காகவே வந்திருந்தாள்.

பேதுரு என் அண்ணன், எடித்தின் புருஷன். வாடைக் காற்று அடித்த ஒரு மார்கழியில் கடல் தொழிலுக்குப் போனவர். அவருடைய போட் மட்டும் கவிழ்ந்தபடி தலைமன்னார்ப் பக்கம் கரையேறியது. நேவி தேடியது, ஊர்ப் போட்டுகள் எல்லாம் தேடின, போட்டிருந்த சேட்டின் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. பங்குச் சுவாமி பூசை வைத்தார், சனம் வந்து அழுதது, சாப்பாடும் கொடுத்தாயிற்று. எல்லாம் செய்தோம், புதைக்கத்தான் ஒன்றும் இருக்கவில்லை. நற்செய்தியில் பேதுரு தண்ணீர்மேல் நடக்கிற பகுதி வாசிக்கிற ஞாயிறுகளில் நான் கோயிலுக்குப் போவதில்லை. அந்தப் பேதுரு தாழத் தொடங்கியதும் ஆண்டவர் கை கொடுத்தார். எங்கள் பேதுருவுக்கு ஒருவரும் கொடுக்கவில்லை. எனக்குக் கோபம்தான். யார்மேல் என்று கேட்காதீர்கள்.

எங்கள் ஊரில் திங்கட்கிழமை ஆத்துமாக்களின் நாள். பின்னேரம் சேமக்காலைக்குப் போவோம். அவரவர் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தி, செப மந்திரம் சொல்லி, முளைத்த புல்லைப் பிடுங்கி, பக்கத்துக் கல்லறைக்காரியோடு ஊர்ப் புதினமும் கதைத்துவிட்டு வருவோம். எடித்துக்குப் போக இடமில்லை. நடுவில் நிற்கும் பெரிய குருசடியில் கொண்டுபோய்க் கொளுத்துவாள். அது எல்லாருக்கும் பொது. ஒருமுறை யாரோ ஒரு பெண் தன்னுடைய திரிக்கு இடம் காணாமல் எடித்தின் திரியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. வீட்டுக்கு வந்து குசினிக்குள் நின்றபடி எடித் சொன்னாள்: “செத்த சனம் எல்லாத்துக்கும் ஒரு துண்டு நிலம் இருக்கு மச்சாள். இவருக்கு மட்டும் ஏன் இல்லை?” நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஸஹ்றா வந்தாள். மன்னார் டவுன் பிள்ளை, கொழும்பில் எழுத்து வரையப் படித்தவள். முதல் நாள் அவள் எங்கள் கரையில் போட்டுகளின் மூக்கைப் படம் பிடித்துக்கொண்டு திரிந்தபோது, போட் வாங்க வந்தவளாக்கும் என்று றொட்னி விலையெல்லாம் சொல்லிவிட்டார். அவளுக்கு வேண்டியது போட் இல்லை, போட்டில் எழுதியிருக்கிற பெயர். ஒவ்வொரு கையும் எழுதுகிற விதம் வேறு, சுழி வேறு, அந்த எழுத்துகளை வைத்துக் கரையில் ஒரு நிகழ்ச்சி செய்யப்போகிறேன் என்றாள். கடலில் போய்த் திரும்பாதவர்களின் ஆட்கள் கரையில் நின்று, போட் வரும்போது கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட வேண்டுமாம். கூப்பிட்ட குரல் அவரவர் போட்டின் எழுத்தாக அந்த இடத்திலேயே எழும்பி நிற்குமாம். சத்தம் பெரிதென்றால் எழுத்தும் பெரிது. குரல் நடுங்கினால் எழுத்தும் நடுங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஃபோனுக்குத் தெரியும்.

“ஏன் பிள்ளை இந்தக் கரைச்சல்? ஒரு சுவரில பெயின்ற்றால எழுதினாக் காணாதோ?” என்று கேட்டேன்.

“சுவரை ஆர் அக்கா தருவினம்? எங்கட ஆக்களை இஞ்சயிருந்து விரட்டின பிறகு, நாங்க புத்தளத்தில இருந்து திரும்பி வரேக்க எங்கட வாப்பாட கடைச் சுவரே இல்லை. பேர்ப்பலகை இருந்த இடத்தில வெயில்தான் இருந்தது” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதற்குப் பிறகு நான் அவளிடம் குதர்க்கமாக ஒன்றும் கேட்கவில்லை.

நிகழ்ச்சியன்று பின்னேரம் கரை கொள்ளாத சனம். ஊர்க் கூத்துக்காரர் மத்தளம் அடித்தார்கள். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கடலைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். தாய்மார் மகன்மாரின் பெயரைக் கூப்பிட்டார்கள், ஒரு தங்கச்சி அண்ணனைக் கூப்பிட்டாள். ஃபோனுக்குள் பெயர்கள் பச்சையும் சிவப்புமாக மணலிலிருந்து எழும்ப எழும்ப, சனம் ‘மாதாவே’ என்றது. பிறகு எடித்தின் முறை.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தளம் ஒரு சுற்று அடித்து முடிந்தது. இன்னொரு சுற்றும் முடிந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது, இவளால் பெயரைக் கூப்பிட ஏலாது என்று. எங்கள் பக்கத்தில் பெண்சாதி புருஷனின் பெயரை வாயால் சொல்வதில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொல்லும், எடித் சொல்லமாட்டாள். அரசாங்கக் கந்தோரில் பெயர் கேட்டால்கூட என் பக்கம் திரும்பி, “நீங்கள் சொல்லுங்கோ மச்சாள்” என்பாள். போட் திரும்பி வராத அன்று கரை முழுக்க ஓடி ஓடிக் கத்தியபோதுகூட அவருடைய பெயர் அவள் வாயில் வரவில்லை. அன்றைக்கு எதைக் கத்தினாளோ அதைத்தான் இன்றைக்கும் கத்தினாள்.

“இஞ்சாருங்கோ!”

கூட்டத்தில் நின்ற ஆம்பிளைகளில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள், தங்கள் வீட்டுக்காரிதான் கூப்பிடுகிறாளாக்கும் என்று. றொட்னியும் திரும்பினார். மத்தளக்காரர் கையை எடுத்துவிட்டார். ஃபோனுக்குள் அது எழும்பியது. என் அண்ணனின் போட்டில் இருந்த அதே நீலம், அதே வெள்ளைக் கரை. நடுவில் எழுத்தின் கால்கள் நடுங்கின. கடைசிக் ‘கோ’ மட்டும் மற்ற எழுத்துகளை விட்டுவிட்டு மேலே மேலே போனது.

ஸஹ்றா ஓடி வந்தாள். “எடித் அக்கா, பேர் விழேல்லை. திரும்ப ஒருக்கா எடுப்பமோ? மெற்றி அக்கா பேரைச் சொல்லட்டும்” என்று என்னைக் காட்டினாள்.

“வேண்டாம் பிள்ளை” என்றாள் எடித். “நான் இப்பிடிக் கூப்பிட்டாத்தான் அவருக்கு விளங்கும்.”

அடுத்த திங்கட்கிழமை அவள் சேமக்காலைக்குப் போகவில்லை. மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு என்னையும் என் ஃபோனையும் கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சொல் நின்ற இடத்தில் சிப்பியையும் கயிற்றுத் துண்டுகளையும் பொறுக்கித் துப்புரவாக்கி, காற்றுப் படாமல் சிரட்டைக்குள் திரியை வைத்துக் கொளுத்தினாள். “அவருக்கு ஒரு இடம் வந்திட்டுது” என்றாள். அண்ணன் போன பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்க்கவில்லை. எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போயிற்று, பொய் சொல்வானேன். பிறகு அவள் கேட்டபடி றொட்னி பழைய வள்ளத்துப் பலகையில் ஒரு குருசு அடித்துக் கொடுத்தார். சொல்லுக்கு நேர் கீழே நட்டோம்.

அதற்கடுத்த கிழமை போய்ப் பார்த்தால் குருசு ஒரு இடத்தில், சொல் ஒரு இடத்தில். றொட்னிதான் இடம் பிழைத்து நட்டுவிட்டார் என்று அந்த மனுஷனை நான் கிழிகிழியென்று கிழித்தேன். பிடுங்கி நட்டோம். மற்றக் கிழமையும் அதே கதை. ஸஹ்றாவுக்குக் கோல் எடுத்துக் கேட்டேன்.

“ஃபோன் வானத்தில இருக்கிற சற்றலைற்றைக் கேட்டுத்தான் இடம் பிடிக்குது அக்கா. கொஞ்சம் முன்னப் பின்னப் போகும். அது ஃபோன்ர பிழை. எழுத்து அந்த இடத்திலதான் இருக்கு.”

அப்படியே எடித்திடம் சொன்னேன். அவள் சிரித்தாள். “உங்கட அண்ணன் எப்ப ஒரு இடத்தில இருந்தவர்?”

அதுவும் உண்மைதான். சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வளவெல்லாம் நடந்து நடந்து சாப்பிடுகிற மனுஷன். இருந்து சாப்பிட்டால் செமிக்காதாம். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

பிறகு அது பழகிவிட்டது. ஊர்ச்சனம் முதலில் பகிடி பண்ணியது. “எடித், இண்டைக்கு ஆள் எங்க நிக்கிறார்?” என்று கேட்பார்கள். அவளும் கோபிக்காமல், “பாப்பம், இன்னும் பாக்கேல்லை” என்பாள். ஒரு நாள் கழுதை ஒன்று குருசில் முதுகைத் தேய்த்துச் சரித்துவிட்டுப் போக, கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களே எழும்பி வந்து நிமிர்த்திவிட்டார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சொல் நகர்ந்ததெல்லாம் ஒரே பக்கமாகத்தான். கருவாட்டுப் பாயடியிலிருந்து வலையடிக்கு, வலையடியிலிருந்து ஈர மணலுக்கு. நான் கவனித்தேன். எடித்தும் கவனித்திருப்பாள்.

போன கிழமை ஸஹ்றா கோல் எடுத்தாள். திட்டம் முடிகிறது, வருகிற திங்களோடு எல்லாப் பெயரையும் எடுத்துவிடுவார்கள், தானே நேரில் வந்து சொல்லிவிட்டுத்தான் எடுப்பாள் என்றாள். எடித் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். மறைத்து என்ன வரப்போகிறது, நேராகவே சொல்லிவிட்டேன். கத்தியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி மீனையும் கழுவிச் சட்டிக்குள் போட்டபிறகுதான் பேசினாள்.

“அண்டைக்கு எங்க நிக்குதோ அதுதான் அவரின்ர இடம் மச்சாள். அதில நடுவம். அதுக்குப் பிறகு அசைக்கத் தேவையில்லை.”

அந்தத் திங்கட்கிழமைதான் இது. குருசு பிடுங்குப்பட்டு அவள் கையோடு வந்துவிட்டது. அடியில் ஈர மணல் ஒட்டியிருந்தது.

“எங்க மச்சாள்? சொல்லுங்கோவன்.”

“கடலுக்குள்ள” என்றேன்.

“அக்கா, அது பிழை” என்று ஸஹ்றா அவசரமாகச் சொன்னாள். “ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாப்பம், கரைக்கு வந்திடும். கொஞ்சம் பொறுங்கோ.” என் கையிலிருந்து ஃபோனை வாங்கி நிப்பாட்டினாள், போட்டாள், தூக்கிப் பார்த்தாள். திரும்பவும் நிப்பாட்டிப் போட்டாள்.

எடித் பொறுக்கவில்லை. குருசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். கடல் அன்றைக்கு ஒரு பாவமும் அறியாததுபோலக் கிடந்தது. முழங்கால் மட்டும் போனாள், பிறகு இடுப்பு மட்டும். உடுப்பு ஊதி மிதந்தது. குருசை நிமிர்த்தி, தன் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தி, கையை எடுத்தாள். அது மெல்ல மேலே வந்து, மல்லாக்கப் படுத்து, மிதந்தது. மரம்தானே. திரும்பப் பிடித்து அழுத்தினாள். திரும்பவும் மிதந்தது.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே இறங்கினேன்.

“விசரோ உங்களுக்கு? வெளிய வாங்கோ! இதில குருசு நட ஏலாது, கண்ணுக்குத் தெரியேல்லையோ?”

“விட்டாப் போயிடும் மச்சாள்” என்றாள் எடித். “இதையும் விடச் சொல்லுறீங்களோ?”

குருசின் மற்றக் கையை நான் பிடித்தேன். இரண்டு பேருமாக நிமிர்த்தி அழுத்தினோம். காலுக்குக் கீழே மணல் கரைந்து கரைந்து போனது. ஃபோன் இல்லாமல் எங்கள் இருவருக்கும் சொல் தெரியவில்லை, எங்கே நிற்கிறோம் என்றும் தெரியவில்லை. நான் கரைப்பக்கம் திரும்பிக் கத்தினேன்.

“பிள்ளை! இதுவோ இடம்? பாத்துச் சொல்லு!”

ஸஹ்றா ஈர மணலில் நின்றாள். ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பிறகு கையைக் கீழே போட்டாள். ஃபோன் அவள் தொடையோடு தொங்கியது. எங்களை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தனை தரம் பிழை, பிழை என்று எனக்குச் சொன்ன பிள்ளை.

“ஓம் அக்கா!” என்று கத்தினாள். “அதுதான்! அதுதான் இடம்!”

“கேட்டீங்களோ?” என்றாள் எடித்.

“ஓம்” என்றேன்.

அவள் காலைத் தூக்கிக் குருசின் அடியில் வைத்து மிதித்தாள். நானும் மிதித்தேன். ஒரு அலை வந்து குருசோடு சேர்த்து எங்கள் இருவரையும் மெல்லத் தூக்கிப் பார்த்தது. நாங்கள் இன்னும் அழுத்தினோம்.